மண உறுதி மோதிரம்

திருமணத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்னரே மோதிரத்துக்கு விலை பேசுகின்ற காலமாக இக்காலம் மாறிவிட்டது. நிச்சயதார்த்தம் என்றதும் தாம்பூலத் தட்டும், பெரியவர்கள் கூடியிருந்து பேசும் பேச்சும், சோதிடர் எழுதிக் கொடுத்த பொருத்தக் குறிப்பும் ஒரு காலத்திலே நினைவுக்கு வந்தன. இன்று அவற்றோடு ஒரு சிறிய பெட்டியும் நினைவுக்கு வருகின்றது. பெட்டியைத் திறந்தால் பட்டுத் துணியின்மேல் ஒரு மோதிரம். அம்மோதிரத்திலே ஒரு கல். அந்தக் கல் எத்தகையது, என்ன விலை, எந்தக் கடையில் வாங்கியது என்னும் வினாக்கள் வந்திருப்போர் வாயில் அன்றைக்கே பிறந்துவிடுகின்றன. அதனை அணியப்போகின்றவளின் கைக்கு அஃது ஏற்றதுதானா என்னும் வினாவோ பெரும்பாலும் எழுவதேயில்லை. நேயர்கள் சிந்திக்க வேண்டியது அந்த எழாத வினாவையே.

மோதிரம் தமிழருக்குப் புதிய அணியன்று. அசோகவனத்திலே சிறையிருந்த சீதைக்கு அனுமன் கொண்டுசென்று கொடுத்தது இராமனுடைய கணையாழி. காளிதாசர் இயற்றிய சாகுந்தல நாடகத்திலே துஷ்யந்தன் தன் பெயர் பொறித்த மோதிரத்தைச் சகுந்தலைக்கு அளித்துச் செல்கின்றான். துருவாச முனிவரின் சாபத்தால் அவன் அவளை மறந்துவிட, காட்டி நினைவூட்ட வேண்டிய மோதிரமோ நீரில் விழுந்து மீனின் வயிற்றுக்குள் போய்விடுகின்றது. மகாபாரதத்தில் வரும் பழைய கதையில் மோதிரமும் இல்லை, மீனும் இல்லை, சாபமும் இல்லை. அங்கே அரசன் அவளை அறிந்தே மறுக்கின்றான். பழியை மோதிரத்தின் தலையிலே போட்டு அரசனைக் காப்பாற்றியவர் காளிதாசர் என்று சொன்னாலும் தவறாகாது.

ஈழத்துச் சைவத் தமிழரின் திருமணத்திலும் கணையாழிக்கு இடமுண்டு. நீர் நிறைந்த குடத்துள் இடப்பட்ட கணையாழியை மணமகனும் மணமகளும் கைவிட்டுத் தேடி எடுக்கும்போது கூடியிருப்போர் சிரித்து மகிழ்வர். ஆயினும் அது விளையாட்டு. உறுதி தாலியிலேயே இருந்தது. அத்தாலிக்குரிய பொன்னை நல்ல நாளிலே உருக்குவதற்குப் பொன்னுருக்கு என்று தனியே ஒரு சடங்கும் இருந்தது, இன்றும் இருக்கின்றது. கிறிஸ்தவத் தமிழர் குருவானவரின் ஆசியோடு மோதிரம் மாற்றுவர். இவ்வாறிருக்க, திருமணத்துக்குப் பல மாதங்கள் முன்னதாகவே கல்லிழைத்த மோதிரமொன்றைப் பெண்ணின் விரலில் இடுவது எல்லாச் சமயத்தாரிடத்தும் பரவி நிற்பது அண்மைக்கால வழக்கம். அவ்வழக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டால், அதற்கு எவ்வளவு பணிய வேண்டும் என்பதும் விளங்கும்.

பழைய உரோமானியர் மணம் பேசி முடித்த பெண்ணுக்கு மோதிரம் அனுப்பினர். அது பொன்னாலானதன்று, இரும்பாலானது. அதிலே கல்லும் இல்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர் தம் காலத்திலும் அவ்வழக்கு நிலவியதை எழுதி வைத்திருக்கின்றார். யூதரின் வழக்கமோ இன்னும் சிந்திக்கத்தக்கது. அவர்களுடைய மணச் சடங்கிலே மணமகன் அளிக்கும் மோதிரம் கல் பதியாத வெறும் வளையமாக இருத்தல் வேண்டும். அதற்கு அவர்களின் சமய அறிஞர் கூறிய காரணம் இது: கல்லின் பெறுமதியைப் பார்த்த மாத்திரத்தில் மதிப்பிடல் அரிது, மலிவான கல்லை விலையுயர்ந்ததென்று நம்பி மணமகள் சம்மதித்துவிடக்கூடும். ஒரு பெண்ணின் சம்மதம் மயக்கத்தால் வந்ததாகக் கூடாது என்று அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னரே எண்ணியவர்களின் நுட்பம் பாராட்டற்குரியது.

வைரத்தின் கதை வேறு. 1477 ஆம் ஆண்டிலே ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் பேர்கண்டி நாட்டு மேரிக்கு வைர மோதிரம் அளித்தார் என்பது ஐரோப்பியர் அடிக்கடி எடுத்துக்காட்டும் செய்தி. எனினும் அக்காலத்தில் வைரம் அரசருக்கும் பெருஞ்செல்வருக்குமே எட்டிய பொருள். முதலில் இந்தியாவும், பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரேசிலுமே உலகுக்கு வைரம் வழங்கின, கிடைத்ததோ சொற்பம். 1867 ஆம் ஆண்டளவிலே தென்னாபிரிக்காவின் ஒரேஞ்சு ஆற்றங்கரையில் வைரம் தென்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் கிம்பர்லியில் மண்ணைத் தோண்டத் தோண்ட வைரம் வந்தது. அரிதாயிருந்ததனால் விலைபெற்ற பொருள், அரிதல்லாததாகிவிட்டது. இந்த இக்கட்டிலிருந்து விலையைக் காப்பாற்றுவதற்காகவே சுரங்கங்கள் ஒருவர் கைக்குள் கொண்டுவரப்பட்டன. 1888 இல் டி பியர்ஸ் நிறுவனம் தோன்றியது.

விற்பனைக்கு வருவதைக் கட்டுப்படுத்தினால் மட்டும் போதுமா? வாங்குவோருக்கு வேட்கையும் வேண்டுமல்லவா? 1938 இல் அந்நிறுவனத்தார் அமெரிக்காவிலே அயர் என்னும் விளம்பர நிறுவனத்தை நாடினர். 1947 இல் அங்கே பணியாற்றிய பிரான்சிஸ் ஜெரட்டி என்னும் பெண்மணி, வைரம் என்றென்றைக்கும் உரியது என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் நாலே சொற்களாலான வாசகமொன்றை எழுதிக் கொடுத்தார். அவ்வாசகத்தை எழுதியவர் தம் வாழ்நாளில் மணஞ்செய்யவேயில்லை. ஆனால் அவருடைய நாலு சொற்கள் எத்தனையோ கோடிப் பேருடைய விரலில் ஏறிவிட்டன.

விளம்பரத்தின் வலிமையை அறிய யப்பான் நாட்டைப் பார்த்தாற் போதும். அங்கே 1967 ஆம் ஆண்டிலே மணமுடிக்கவிருந்த பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களே வைர மோதிரம் பெற்றனர். 1981 இல் அத்தொகை நூற்றுக்கு அறுபதளவாயிற்று. பதினான்கு ஆண்டுகளில் ஒரு தொன்மையான சமுதாயம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. இன்று யப்பானியப் பாட்டி ஒருத்தி இதுவே எங்கள் முறையென்று பேர்த்திக்குச் சொல்லக்கூடும். மாப்பிள்ளை தன் இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்துக்குச் செலவிடல் வேண்டும் என்ற விதியும் எந்தச் சாத்திரத்திலும் எழுதப்பட்டதன்று. 1980களின் விளம்பரங்களிலே எழுதப்பட்டது. யப்பானியருக்கு அதே விதி மூன்று மாதமாக உயர்த்திச் சொல்லப்பட்டது.

இங்கே கொழும்பிலே இலிகிதராக இருக்கும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். ஊரிலே தங்கைக்கு இன்னும் மணமாகவில்லை. வீட்டுக்குக் கூரை மாற்றவேண்டும். பெண் வைத்தியசாலையொன்றில் தாதி. நண்பர் இருவர் தத்தம் மனைவியருக்கு வைர மோதிரம் போட்டதனால், தானும் போடாவிட்டால் குறைவாகுமென்று அவன் அஞ்சுகின்றான். கடன்பட்டு மோதிரம் வாங்குகின்றான். மணமான பின் அக்கடனைத் தீர்ப்பது யார்? இருவருடைய சம்பளமும் சேர்ந்தே தீர்க்கும். ஆகவே அவளுக்குப் பரிசாக வந்த மோதிரத்தின் விலையிலே பாதியை அவளே மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பாள். இதனை அவளிடம் முன்னரே சொன்னவர் எத்தனை பேர்?

கல்லைச் சேமிப்பென்று கருதுவாருக்கும் ஒரு வார்த்தை. தமிழ்க் குடும்பங்கள் பொன்னை வெறும் அலங்காரமாக ஒருநாளும் எண்ணியதில்லை. ஆபத்து வந்தால் ஈடு வைப்பதற்கும், மீட்பதற்கும், மறுபடி ஈடு வைப்பதற்கும் அது பயன்பட்டது. 1995 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண இடப்பெயர்வு போன்ற கொடிய நாட்களிலே, பெண்களின் கழுத்திலும் கையிலும் கிடந்த பொன்னே பல வீடுகளில் அரிசியாகவும் மருந்தாகவும் மாறியது. ஆனால் ஈடு பிடிப்பவர் பொன்னைத்தான் நிறுப்பார். கல்லின் நிறையைக் கழித்துவிடுவார். கடையில் பெரும்பணம் கொடுத்து வாங்கிய சிறு வைரத்தை மறுநாள் திருப்பி விற்கச் சென்றாலும் கொடுத்த விலையில் ஒரு பகுதியே கைக்கு வரும். பொன் முதலீடாகலாம். சாதாரணமான கல் அவ்வாறாவதில்லை. அழகுக்காக வாங்கினால் அழகுக்கென்றே வாங்கவேண்டும்.

மோதிரம் வாக்குறுதிக்குச் சாட்சியல்லவா என்று கேட்போரும் உளர். உள்ளத்தளவில் அது சாட்சிதான். நீதிமன்றத்திலோ நிலைமை வேறு. இலங்கையின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்திலே தரப்படாத மண வாக்குறுதியை ஒருவர் மீறினால் அதற்காக நட்டஈடு கேட்டு வழக்காட இடமில்லை. மோதிரம் எழுத்தாகாது. அமெரிக்காவில் 1935 இல் இந்தியானா மாநிலம் இத்தகைய வழக்குகளை அறவே ஒழித்தது. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. சட்டம் கொடுத்துவந்த பாதுகாப்பு நீங்கியபோது, அதற்கு ஈடான பிணைப்பொருளாகவே விலையுயர்ந்த மோதிரம் அங்கே வளர்ந்தது என்று மார்கரெட் பிரினிக் என்னும் சட்ட அறிஞர் 1990 இல் வாதிட்டிருக்கின்றார். அக்கருத்தை முற்றாக ஏற்காவிட்டாலும், பிணை கேட்டு வாங்குமிடத்தில் நம்பிக்கை எவ்வளவு மீந்திருக்கும் என்று யோசிக்க அஃது இடந்தருகின்றது.

சரி, கல் வேண்டுமென்றே இருவரும் விரும்பினால், வைரந்தான் வேண்டுமா? உலகத்தார் இலங்கையைத் தேடிவந்து வாங்கும் கல் நீலம். 1981 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, பிரித்தானிய இளவரசர் சாள்ஸ் மணக்கவிருந்த டயானா என்னும் இளநங்கையின் விரலிலே உலகம் கண்ட மோதிரத்தில் இருந்தது ஏறக்குறையப் பன்னிரண்டு கரட் நிறையுள்ள இலங்கை நீலமே. சுற்றிலும் பதினான்கு வைரங்கள் அதற்குக் காவல் நின்றன. அது தனியாகச் செய்விக்கப்பட்டதன்று. கராட் நிறுவனத்தின் விற்பனை வரிசையிலே இருந்தவற்றுள் ஒன்று. பணமுள்ள எவரும் வாங்கக்கூடிய மோதிரத்தை இளவரசி அணிவதா என்று அந்நாட்டிலே முணுமுணுத்தவர்களும் இருந்தனர். பின்னர் 2010 இல் அவருடைய மூத்த மகன் வில்லியம் அதே மோதிரத்தைத் தாம் மணக்கவிருந்த கதரினுக்கு அணிவித்தார். முதலில் அதை அணிந்தவரின் மணவாழ்வு முறிந்ததென்பது யாவரும் அறிந்த செய்தி. அதற்காக மகன் கல்லை வெறுக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். நீலம் சனியின் கல்லென்று சோதிடர் கூறுவர். எல்லார்க்கும் ஒவ்வாதென்றும், தலையணையின் கீழ் வைத்துச் சில நாள் சோதித்த பின்னரே அணியவேண்டுமென்றும் வீடுகளில் சொல்லுவர். உலகின் சிறந்த நீலம் காலடியில் விளையும் நாட்டிலே, தமிழ் வீடுகள் பல அதைத் தொடப் பயப்படுகின்றன என்பது வியப்பான நிலைமைதான். நம்பிக்கையுடையோரை இகழ வேண்டியதில்லை. பெண்ணின் தாயார் அஞ்சுகின்ற கல்லை வற்புறுத்தி இடுவதனால் யாருக்கும் நன்மை விளையப்போவதில்லை. பிறகு வீட்டிலே தலையிடி வந்தாலும் கல்லின்மேலேயே பழி விழும். நீலம் தோன்றும் அதே இனக் கனிப்பொருளிலேயே மஞ்சள் நிறமுடைய புட்பராகமும், செந்நிற மாணிக்கமும் தோன்றுகின்றன. இரும்பும் தைத்தேனியமும் சிறிதளவு கலந்தால் நீலம். குரோமியம் கலந்தால் மாணிக்கம். தாமரை மலரின் நிறத்தைக் குறிக்கும் வடசொல்லின் திரிபாகிய பத்பராட்சா என்னும் பெயரோடு, இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த அரிய வகையொன்றும் இந்நாட்டிலே கிடைக்கின்றது.

இரத்தினபுரிப் பகுதியில் வயல்களினிடையே கிணறுபோல் குழி தோண்டுவார்கள். மண்ணுக்கடியிலே பழைய ஆறுகள் கொண்டுவந்து படியவிட்ட சரளைப் படையைச் சிங்களத்தில் இல்லம என்பர். அதை மேலே எடுத்து, மூங்கிற் கூடையிலிட்டு நீருக்குள் சுழற்றுவார்கள். மாணிக்க இனக் கற்கள் சாதாரண மணலைப் பார்க்கிலும் ஒன்றரை மடங்கு பாரமுடையவை. ஆதலின் இலேசானவை நீரோடு போக, பாரமானவை கூடையின் அடியில் தங்கும். குழியில் இறங்குவோர் பலர் நாட்கூலிக்கன்றிக் கிடைப்பதில் பங்குக்கே உழைக்கின்றனர். மாதக்கணக்கில் ஒன்றும் கிடையாமற் போவதுமுண்டு. வைரத்தைப் போலவே இந்தக் கல்லுக்கும் பின்னே மனிதர் இருக்கின்றனர். மேற்காபிரிக்காவின் சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு வைர விற்பனைப் பணமும் எண்ணெய் ஊற்றியது. அதன் விளைவாகவே 2003 இலிருந்து வெட்டாத வைரங்களுக்குச் சான்றுவழங்கும் கிம்பர்லி முறை நடைமுறைக்கு வந்தது. எங்கிருந்து வந்த கல் என்று கடைக்காரரைக் கேட்பது அநாகரிகமன்று.

கல்லைத் தெரிந்தெடுக்கும்போது கடையின் விளக்கை நம்பலாகாது. பகல் வெளிச்சத்திலே, வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். நேராகப் பார்க்கையில் நடுப்பகுதி வெளிறிக் கீழேயுள்ள தாள் தெரிந்தால், கல் ஆழங்குறைவாக வெட்டப்பட்டிருக்கின்றது என்பது பொருள். பக்கவாட்டிலும் பார்க்கவேண்டும். இலங்கை நீலங்கள் சிலவற்றிலே நிறம் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. கெட்டிக்கார வெட்டுநர், நிறமுள்ள சிறு பகுதியை அடிநுனியில் நிறுத்தி, மேலிருந்து பார்ப்போருக்குக் கல் முழுவதும் நீலமாகத் தோன்றும்படி செய்துவிடுவார். அது மோசடியன்று, தொழில் நுட்பம். ஆனால் வாங்குவோர் அறிந்து வாங்கவேண்டும்.

தீயினால் நிறமூட்டும் வழக்கமும் உண்டு. கெவுட என்று இங்கே மதிப்பின்றிக் கிடந்த பால்நிறக் கற்களை 1970களிலே தாய்லாந்து வணிகர் மலிவாக வாங்கிச் சென்று, ஆயிரத்தைந்நூறு பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சூடாக்கி அருமையான நீலங்களாக மாற்றினர். இலங்கையர் அந்த வித்தையைப் பின்னர் கற்றுக்கொண்டனர். கற்பதற்குமுன் இழந்தது இழந்ததுதான். சூடாக்கிய கல்லும் இயற்கைக் கல்லே, நிறமும் நிலையானதே. ஆனால் சூடாக்காத கல்லுக்கு விலை அதிகம். ஆகையால் எது என்று பற்றுச்சீட்டிலே எழுதி வாங்குதல் அவசியம். வெடிப்புகளுக்குள் ஈயக் கண்ணாடியைப் புகுத்திய மாணிக்கங்களோ முற்றிலும் வேறு. இவை 2000களின் தொடக்கத்திலே சந்தைக்குள் புகுந்தன. இவ்வகைக் கல்லைக் கையிலணிந்துகொண்டு தேசிக்காய் பிழிந்தால், அந்தப் புளியே கண்ணாடியை அரித்துவிடும். ஐயமுண்டாயின் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்தில் கல்லைக் காட்டிச் சோதிக்கலாம்.

ஆய்வுகூடத்திலே பிறக்கும் கற்களைப் பற்றியும் இன்று பேசாதிருத்தல் இயலாது. பிரான்சு நாட்டு வெர்னோய் என்பவர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902 இல் வெளியிட்டார். 1954 இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் வைரத்தையே ஆக்கிக் காட்டினர். அன்று அது கைத்தொழிற் கருவிகளுக்கான துகள். இன்று மோதிரத்துக்குரிய பெருங்கல். பொருளளவில் இதுவும் கரியமே, அதுவும் கரியமே. வெறுங்கண்ணால் வேறுபாடு காணல் அரிது. மண்ணிலிருந்து எடுத்த வைரமே வைரமென்று நெடுங்காலம் கூறிவந்த டி பியர்ஸ் நிறுவனமே 2018 இல் ஆய்வுகூட வைர நகைகளை விற்கத் தொடங்கியது; பின்பு அதனைக் கைவிட்டது. இவ்வகை வைரத்தின் விலை அதற்கிடையில் மிகவும் வீழ்ந்துவிட்டது. குறைந்த செலவில் ஒளியுள்ள கல் வேண்டுவோர் இதை வாங்குவதில் இழுக்கில்லை. இன்னதென்று அறிந்தே கொடுத்து, இன்னதென்று அறிந்தே பெறுதல் வேண்டும், அவ்வளவே.

இனி அந்தத் தாதியின் கைக்கு வரலாம். அனுபவமுள்ள பொற்கொல்லர் முதலில் பணத்தைக் கேட்பதில்லை, “தம்பி, பிள்ளை என்ன வேலை பார்க்கிறா?” என்றுதான் கேட்பார். நாளொன்றுக்கு எத்தனையோ முறை கைகழுவி, கையுறை மாட்டிக் கழற்றும் ஒருத்திக்கு, கொளுவிகளால் உயர்த்திப் பிடித்த கல் பெருந்தொல்லை. கையுறையைக் கிழிக்கும், இடுக்கில் அழுக்குச் சேரும். அவளுக்குக் கல்லே இல்லாத வளையம் நன்று. கல் வேண்டுமாயின், சுற்றிலும் பொன்விளிம்பு வைத்து மோதிரத்தோடு தாழப் பதித்த சிறு கல் போதும். ஆசிரியைக்கும் தட்டெழுதுபவளுக்கும் இவ்வளவு கட்டுப்பாடில்லை. தையல் வேலை செய்பவளின் துணியிலே கொளுவி சிக்கி நூலை இழுக்கும்.

கல்லின் கடினமும் கவனிக்கத்தக்கது. கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வகுத்த மோசு என்பாரின் வரிசையிலே வைரம் பத்து, நீலமும் மாணிக்கமும் ஒன்பது. வீட்டுத் தூசியில் கலந்துள்ள மணற்றுகளின் கடினம் ஏழு. எனவே ஏழுக்குக் கீழ்ப்பட்ட கற்களைத் தூசி துடைக்கத் துடைக்கவே கீறல் விழும். மீட்டியாகொடையில் கிடைக்கும் சந்திரகாந்தக் கல் கண்ணுக்கு இனிது. ஆயினும் அதன் கடினம் ஆறளவே. முத்து அதனினும் மென்மையானது. இவை காதுக்கும் கழுத்துக்கும் உரியவை. நாள்தோறும் வேலைசெய்யும் விரலுக்கு உரியவையல்ல. மரகதத்தில் இயல்பாகவே வெடிப்புகள் மிகுதி; அடிபட்டால் உடையும். வைரமும் கீறலுக்குத்தான் அஞ்சாது. உரிய திசையில் பலமாக அடிபட்டால் பிளந்துபோகும்.

வைரத்துக்கு இன்னொரு குணமுண்டு: எண்ணெய் அதில் எளிதில் ஒட்டும். கிம்பர்லிச் சுரங்கத்தில், கொழுப்புப் பூசிய பலகையின்மேல் நீரோடு சரளையை ஓடவிட்டு, ஒட்டி நிற்கும் வைரத்தைப் பிரித்தெடுத்தனர். நம் சமையலறையிலோ தேங்காயெண்ணெயும் தேங்காய்ப்பாலும் இல்லாத நாளில்லை. ஒரு மாதத்தில் வைரம் மங்கிக் கண்ணாடிபோலாகும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவரை வைவதும் நடக்கும். இளஞ்சூட்டு நீரிலே சவர்க்காரம் கரைத்து, மென்மையான தூரிகையால் கல்லின் அடிப்புறத்தைத் தேய்த்தால் ஒளி திரும்பிவிடும். கழுவும்போது தொட்டியின் துவாரத்தை முதலில் அடைத்துவிடுதல் நன்று.

எந்தக் கையில் அணிவது? இடக்கையின் நான்காம் விரலிலிருந்து இதயத்துக்கு ஒரு நரம்பு ஓடுகின்றதென்று பண்டைய எகிப்தியர் நம்பினர் என உரோமானிய எழுத்தாளர் குறித்துள்ளனர். அவ்விரலுக்கென்று அப்படியொரு தனி நரம்பில்லை. தமிழிலோ அதற்கு அணிவிரல் என்றே பெயர். இடக்கை என்றதும் நம் பெரியவர்களில் சிலர் முகஞ்சுளிப்பர். ஆனால் சோறும் கறியும் பிசைந்துண்பது வலக்கை. கல் பதித்த மோதிரத்தை அக்கையில் இட்டால் ஒவ்வொரு வேளையும் கழற்றவேண்டும். கழற்றி வைத்த மோதிரமே பெரும்பாலும் தொலைகின்றது. பெரியவர்களுக்காக நிச்சயதார்த்த நாளிலே வலக்கையில் இட்டு, மறுநாள் மாற்றிக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அது நல்ல சமாதானம்.

பொன்னைப் பற்றிக் குழப்பம் அதிகம். கல்லுக்குச் சொல்லும் கரட் நிறையைக் குறிக்கும். ஒரு கரட் ஒரு கிராமின் ஐந்திலொரு பங்கு. பொன்னுக்குச் சொல்லும் கரட் தூய்மையைக் குறிக்கும். இருபத்துநாலு பங்கில் எத்தனை பங்கு பொன் என்பதே கணக்கு. நம்மவர் இருபத்திரண்டு கரட்டுக்குக் குறைந்ததைப் பொன்னாகவே மதிப்பதில்லை. தாலிக்கும் காப்புக்கும் அது பொருந்தும். கல் பிடிக்கும் கொளுவிக்கோ அவ்வளவு தூய பொன் மிகவும் மெது. தேய்ந்து வளைந்து கல்லை விட்டுவிடும். பதினெட்டுக் கரட்டே அதற்கு உறுதி. வைரம் வாங்குவோர் ஒரு கரட் என்னும் முழு எண்ணுக்கு ஆசைப்படாமல் சற்றுக் குறைந்த நிறையில் வாங்கினால் விலை வெகுவாக இறங்கும்; கண்ணுக்கோ வேறுபாடு தெரியாது. வெட்டுச் சீராயிருந்தால் சிறிய கல்லும் பெரியதினும் ஒளிவிடும்.

இவ்வளவும் அவளைக் கேளாமலே செய்துமுடிப்பதா? திரைப்படங்களிலே எதிர்பாராத வேளையில் மோதிரத்தை நீட்டுவர், பெண் கண்கலங்குவாள். பெற்றோர் பேசிச் செய்யும் மணங்களிலும், பொற்கொல்லரோடு தந்தையும் மாமனாரும் பேசுவர். பெண்ணிடம் கடைசியில் விரலளவு மட்டும் கேட்கப்படும். முறை இரண்டாயினும் குறை ஒன்றே. நாற்பது ஐம்பது ஆண்டு அணியப்போகின்றவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமலா போகும்? அவள் நகையே விரும்பாதவளாயிருக்கலாம். பாட்டியின் பழைய மோதிரத்தை உருக்கிப் புதிதாகச் செய்விக்க விரும்பலாம். அந்தப் பணத்தைக் கூரைக்குக் கொடுங்கள் என்றும் சொல்லலாம். வியப்பூட்டியே தீரவேண்டுமென்று விரும்பும் இளைஞன், கல்லையும் அளவையும் அவளோடு பேசி முடிவுசெய்துவிட்டு, கொடுக்கும் நாளை மாத்திரம் மறைத்து வைக்கலாம்.

அளவெடுப்பதற்கும் பொழுது உண்டு. வெப்ப நாட்டிலே விரல் காலையில் மெலிந்தும் மாலையில் சற்றுப் பருத்தும் இருக்கும். ஆதலால் மாலையிலேயே அளக்கவேண்டும். நூலால் அளப்பதைவிடப் பொற்கொல்லரிடமுள்ள அளவு வளையங்களைப் போட்டுப் பார்ப்பது திருத்தமானது. மூட்டைத் தாண்டும்போது சிறிது தடை இருக்கவேண்டும், தாண்டிய பின் இறுக்கக்கூடாது. மோதிரத்தின் உட்புறத்திலே இருவர் பெயரின் முதலெழுத்தையும் நாளையும் பொறிக்கும் வழக்கத்தையும் பலர் விரும்புகின்றனர். ஐரோப்பாவிலே இவ்வாறு உள்ளே எழுத்துப் பொறித்த மோதிரங்கள் சில நூற்றாண்டுகளாக வழங்கின. இதற்கு வளையம் மிக ஒடுங்கியதாக இருத்தல் கூடாது. எழுத்து வெட்டும் வேலையை, அவள் சில வாரம் அணிந்து அளவு சரியென்று கண்ட பின்னரே செய்விக்கவேண்டும். பெருப்பிப்பதற்காக வளையத்தை அறுக்க நேர்ந்தால், அந்த எழுத்துக்களும் அறுபட்டுப் போகக்கூடும்.